‘ஆல்ரெடி’க்கு 20 காசு அபராதமா? செயலவையினருக்கு ஒரு திறந்த மடல்

பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவையினருக்கு வணக்கம்.

இரவு டியூஷன் வகுப்பில் வாக்கியத்தின் கடைசியில் ‘ஆல்ரெடி’ போட்டால் 20 காசு அபராதம் என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறீர்கள். அக்கறை புரிகிறது. மலேசிய இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். ஆங்கிலத்தில் 2021 முதல் பேச்சுக்கென்றே தனித் தாள் இருக்கிறது. ஆனாலும் இந்த அபராதம் தப்பான இடத்தில் அடிக்கிறது.

கடைசியில் வருவதாலேயே ‘ஆல்ரெடி’ தப்பாகிவிடாது. ‘ஹேவ் யூ ஃபினிஷ்ட் ஆல்ரெடி?’ என்று இங்கிலாந்துக்காரரும் கேட்பார். ‘அட, அதுக்குள்ளயா?’ என்ற வியப்பு அதில் இருக்கும். வெறுமனே விசாரிக்க ‘யெட்’ போதும். டீச்சரிடம் மரியாதைக்கு ‘ஹேவ் யூ ஈட்டன் ஆல்ரெடி?’ என்று கேட்கும் பிள்ளைக்கு, அது ‘அதுக்குள்ள சாப்பிட்டாச்சா?’ என்று தொனிக்கும் என்பதை யார் சொல்லித் தருவது? அபராதக் காசு போடும் உண்டியல் சொல்லாது.

உண்மையான கோளாறு வினைச்சொல்லில். ‘மை ஃபாதர் கோ ஒர்க் ஆல்ரெடி.’ இதில் ‘கோ’ அசையவே இல்லை. போயாகிவிட்டது என்ற செய்தி முழுவதையும் ‘ஆல்ரெடி’யே சுமக்கிறது. மலாயில் ‘சூடா பெர்கி’ என்றால் போதும், ‘பெர்கி’ மாறாது. சீன மொழிகளில் ஒன்றான ஹொக்கியனில் கடைசியில் ஒரு ‘லியாவ்’. நமக்கோ ‘போயிட்டாரு’. மூன்றையும் கேட்டு வளரும் சுங்கை சிப்புட் பிள்ளை, ஆங்கிலத்திலும் அப்படி ஒரு துண்டைத் தேடி எடுத்துக்கொள்கிறது. சோம்பேறித்தனம் இல்லை இது, கெட்டிக்காரத்தனம். ‘ஹேஸ் கான்’ என்பதை நாக்கில் பழக்கிவிட்டால் முடிந்தது. ‘போயாச்சு’ என்பதை அதுவே சொல்லிவிடும். நினைத்ததைவிடச் சீக்கிரம் என்று சொல்ல மட்டும் ‘ஹேஸ் ஆல்ரெடி கான்’. (அமெரிக்கர்கள் ‘ஐ ஆல்ரெடி ஏட்’ என்றே சொல்வார்கள். யூடியூப் பார்க்கும் பிள்ளை கேட்டால் திணறாதீர்கள்.)

அப்புறம் ‘இன்னும்’. இதைக் கவனிக்க ஆளே இல்லை. ‘இன்னும் வரல’, ‘இன்னும் தூங்குறான்’, ‘இன்னும் கொஞ்சம் ஊத்து’ என்று எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் யெட், ஸ்டில், மோர் என்று மூன்று. அதனால்தான் ‘ஹி இஸ் யெட் ஸ்லீப்பிங்’ என்று எழுதி வைக்கிறார்கள். இங்கே மலாய் கைகொடுக்கும். ‘பெலும்’ வரும் இடத்தில் ‘நாட் யெட்’, ‘மாசிஹ்’ வரும் இடத்தில் ‘ஸ்டில்’. பஸ் வராத எரிச்சலில் ‘தி பஸ் ஸ்டில் ஹேஸ்ன்ட் கம்’ என்போமே, அதுகூட மலாயில் ‘மாசிஹ் பெலும்’தான். ஒன்றாம் ஆண்டிலிருந்தே மலாய் படிக்கும் பிள்ளைக்கு இதைப் புரியவைக்க ஐந்து நிமிடம் போதாதா?

தோட்ட ஆபீஸில் நான் கிராணியாக (எழுத்தராக) இருந்தபோது, ‘லோரி கோ ஆல்ரெடி’ என்று மண்டோர் (கங்காணி) சொன்னால் மானேஜருக்கு நன்றாகவே புரியும். ரிப்போர்ட்டில் மட்டும் ‘தி லோரி ஹேஸ் லெஃப்ட்’ என்று எழுதுவோம். மண்டோருக்கு யாரும் அபராதம் போட்டதில்லை. பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் ‘சோல்ட் அவுட் ஆல்ரெடி’ என்பவரைத் திருத்தவும் யாரும் கிளம்புவதில்லை. எங்கே எப்படிப் பேசுவது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்தால் சரி.

அறிவிப்பை எடுத்துவிடுங்கள். வாரத்தில் ஒரு மாலை நானே வந்து இதைச் சொல்லித் தரத் தயார். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், கோயிலில் தேவார வகுப்பு இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணி ஒருவர்,
சுங்கை சிப்புட்