எட்மன்டனிலிருந்து அப்பாவுக்கு: உறைந்த ஆற்றில் பாலம் கட்டுவது பற்றி

எட்மன்டன்,
தை மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மா, பாட்டி, தம்பி எல்லோரும் நலமா? உங்கள் கடிதம் பொங்கல் கழிந்து கைக்கு வந்தது. காவிரியில் பழைய பாலத்துக்குப் பக்கத்தில் புதுப் பாலம் வருவதை மாம்பழச்சாலைப் பக்கம் போய் நின்று பார்க்கிறீர்கள் என்று அம்மா ஃபோனில் சொன்னாள். காலையில் போய் ஒன்பது மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுங்கள், வெயிலில் நிற்க வேண்டாம். கனடாவின் குளிரில் கான்கிரீட் எப்படி இறுகுகிறது, ஆறு உறைந்தால் தூண் என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். ஃபோனில் அரைகுறையாகச் சொல்வதைவிட எழுதிவிடுகிறேன். மாடி வேலை பற்றிக் கடைசியில் எழுதியிருப்பதை மேஸ்திரியிடம் அப்படியே படித்துக் காட்டுங்கள்.

இங்குள்ள ஆறு வடக்கு சஸ்காட்சுவான். ராக்கி மலைப் பனிப்பாறையில் பிறந்து வருகிறது. காவிரி மாதிரி ஊரின் மட்டத்தில் ஓடாது. ஊர் மேட்டில் இருக்கிறது, ஆறு ஆழமான பள்ளத்தில் ஓடுகிறது. ஆகவே எந்தப் பாலமானாலும் பள்ளத்துக்குள் இறங்கிக் கடப்பதா, மேட்டிலிருந்து மேட்டுக்கே போவதா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். 1900இல் வந்த லோ லெவல் பாலம் இறங்கிக் கடப்பது. 1913இல் திறந்த ஹை லெவல் பாலம் மேட்டுக்கு மேடு, 777 மீட்டர் நீளம். மேலே ரயிலும் டிராமும், கீழ்த்தளத்தில் வண்டிகளும் போகும்படி கட்டினார்கள். தென்கரையில் இருந்த ஸ்ட்ராத்கோனா தனி ஊராக இருந்து 1912இல்தான் எட்மன்டனோடு இணைந்தது. நம் ஸ்ரீரங்கம் 1994இல் திருச்சி மாநகராட்சியோடு சேர்ந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். 1915இல் பெருவெள்ளம் வந்தபோது லோ லெவல் பாலம் அடித்துக்கொண்டு போகாமல் இருக்க அதன்மேல் சரக்கு ரயில் பெட்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தி எடை ஏற்றினார்கள். பாலம் நின்றது, இன்றும் வண்டி ஓடுகிறது. இதைப் படித்ததும் உங்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் தோன்றியது.

2021 கணக்கெடுப்பில் இந்த ஊர் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. வீடுகள் தெற்கேயும் மேற்கேயும் பரவிக்கொண்டே போகின்றன. வேலை நடுவில் இருக்கிறது, ஆறு குறுக்கே ஓடுகிறது. ஒரு பாலத்தை மூடினால் மற்ற எல்லாப் பாலத்திலும் நெரிசல். ஆகவே பழைய பாலத்தை ஓடவிட்டுக்கொண்டே பக்கத்தில் புதியதைக் கட்டுவதுதான் வழக்கம். வால்டர்டேல் பாலம் அப்படி வந்தது. 1913இல் கட்டிய பழைய பாலத்தில் தளம் முழுக்க இரும்புக் கம்பி வலை, வண்டி போனால் ரீங்காரம் கேட்குமாம். பக்கத்தில் எழுந்த புதுப் பாலத்துக்கு இரண்டு எஃகு வளைவுகள், இடைவெளி 230 மீட்டர், ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இல்லை. 2015இல் முடியும் என்றார்கள். எஃகுத் துண்டுகள் தென்கொரியாவில் செய்து கப்பலில் வர வேண்டியிருந்தது. அவை தாமதமாக வந்ததால் 2017 செப்டம்பரில்தான் வண்டி ஓடியது. இங்கே ஒரு துண்டு இரண்டு மாதம் தாமதம் என்றால் வேலை இரண்டு மாதம் தள்ளிப்போவதோடு நிற்காது. ஆற்றில் வேலை செய்யும் பருவமே கைவிட்டுப் போய்விடும், அடுத்த பருவத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

அந்தப் பருவக் கணக்கைச் சொல்கிறேன். நவம்பரில் ஆறு உறையத் தொடங்கி ஏப்ரல்வாக்கில் பனி உடையும். குளிர்காலத்தில்தான் தண்ணீர் மிகக் குறைவு, ஆகவே கரையிலிருந்து ஆற்றுக்குள் சரளை மேடு கட்டி அதன்மேல் கிரேனை நிறுத்துகிறார்கள். மேட்டுக்குக் கழுவின சரளைதான் போடலாம், மண் கலந்தது கூடாது. காரணம், ஆற்றில்தான் ஊரின் குடிநீர் எடுக்கிறார்கள். ராஸ்டேல் குடிநீர் நிலையம் வால்டர்டேல் பாலத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வேலை நடக்கும் இடத்துக்கு மேலேயும் கீழேயும் தண்ணீர் எடுத்துக் கலங்கலை அளக்க வேண்டும். கீழே அளவு ஏறினால் வேலையை நிறுத்த வேண்டும். ஆற்றின் முழு அகலத்தையும் அடைக்கவும் கூடாது, ஒரு பக்கம் நீரோட்டம் விட வேண்டும். மீன் முட்டையிடும் காலத்தில் ஆற்றில் கை வைக்க முடியாது. இந்த ஆற்றில் ஸ்டர்ஜன் என்று ஒரு மீன் இருக்கிறது. ஆள் உயரத்துக்கு வளரும், எண்ணிக்கையில் மிகக் குறைவு. அதைக் காப்பாற்றவே பல விதிகள். எனக்கு அந்த விதிகள் சரியென்றே படுகிறது.

தூணுக்கு ஆற்றின் சரளையைத் தாண்டிக் கீழே பாறை வரை துளையிட்டு இறக்குகிறார்கள். பாறை என்றதும் நம் மலைக்கோட்டைப் பாறையை நினைக்க வேண்டாம். இது களிமண் இறுகின பாறை, இடையிடையே நிலக்கரிப் படலமும் நீர் பட்டால் உப்புகிற பென்டனைட் களிமண்ணும் வரும். துளை போட்ட அன்றே கம்பிக்கூடு இறக்கிக் கான்கிரீட் போடாவிட்டால் பக்கச்சுவர் இளகும். இதே ஆற்றில் ரயிலுக்காகக் கட்டின தவதினா பாலத்துக்கு அடித்தளம் தோண்டும்போது ஆற்றடியில் கார் அளவுக்குப் பழைய கான்கிரீட் கட்டி ஒன்று புதைந்து கிடந்தது. அதை எடுக்கவே வேலை தள்ளிப்போனது. மண் பரிசோதனைக்குப் போட்ட துளை எதிலும் அது தட்டுப்படவில்லை போலும். தூண் மூக்கில், பனிக்கட்டி வந்து மோதும் பக்கம், எஃகுத் தகடு பதித்துச் சாய்வாக விடுவார்கள். வரும் பனிப்பாளம் சாய்வில் ஏறித் தன் எடையிலேயே முறியும். நேருக்கு நேர் சுவராக நின்றால் முழு விசையும் தூண்மேல்தான். தூணைச் சுற்றிப் பெரிய கற்களை அடுக்குவது அரிப்புக்காக. 2018 ஆகஸ்டில் கொள்ளிடம் பழைய பாலம் இடிந்து விழுந்ததற்கு நீங்கள் எவ்வளவு நாள் வருத்தப்பட்டீர்கள் என்று எனக்கு நினைவிருக்கிறது. 1928இல் கட்டின பாலம், கீழே மணலை இழந்து நின்றது.

இனி குளிரில் கான்கிரீட். நம் ஊரில் வெயில் எதிரி, இங்கே முதல் மூன்று நாள் உறைபனி எதிரி. காற்று 5 டிகிரிக்குக் கீழே போகும் என்றாலே குளிர்கால முறை தொடங்கிவிடும். ஜனவரியில் சில நாள் மைனஸ் 30க்கும் இறங்கும். தூணைச் சுற்றிச் சாரம் கட்டி அதன்மேல் பஞ்சு வைத்துத் தைத்த தார்ப்பாய் போர்த்தி, ஹீட்டரின் அனல் காற்று நேரே அடிக்காமல் உள்ளே மிதமான சூடு நிறுத்துவார்கள். கான்கிரீட் போடும் முன்பே ஷட்டர் என்கிற வார்ப்புப் பலகையும் கம்பியும் சூடேறியிருக்க வேண்டும். பனி ஒட்டிய கம்பியில் கான்கிரீட் பிடிக்காது. ஆலையில் தண்ணீரைச் சுடவைத்து முதலில் ஜல்லி மணலோடு கலந்து பிறகுதான் சிமெண்ட் சேர்ப்பார்கள். கொதிக்கிற தண்ணீர் நேரே சிமெண்டில் பட்டால் கலவை லாரியிலேயே பிடித்துக்கொள்ளும்.

தவறு நடப்பது பெரும்பாலும் மூலைகளில்தான். நடுவில் கான்கிரீட் தன் சூட்டில் 50 டிகிரி வரை ஏறும், மூலையோ 5க்கு இறங்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி வழியாகவும் குளிர் உள்ளே இறங்கும். ஆகவே வெப்பம் அளக்கும் வயரை நடுவில் ஒன்று, மூலையில் ஒன்று, கம்பியடியில் ஒன்று எனப் பதிப்போம். நடுவுக்கும் மேற்பரப்புக்கும் 20 டிகிரிக்கு மேல் வித்தியாசம் போகக் கூடாது. சூடு போதும் என்று கூடாரத்தை ஒரே நாளில் பிரித்தால் மேல்தோல் சுருங்கி வெடிப்பு விடும். மெதுவாகக் குறைத்துத்தான் பிரிக்க வேண்டும். இன்னொன்று, புகை உள்ளேயே வரும் ஹீட்டரைக் கூடாரத்தில் வைத்தால் கரியமில வாயு பட்டுப் புதுக் கான்கிரீட்டின் மேற்பரப்பு மாவாக உதிரும், ஆட்களுக்கும் ஆபத்து. புகையை வெளியே விடும் ஹீட்டர்தான் வேண்டும்.

சோதனைக்கு நம் ஊர் மாதிரி 15 செ.மீ. கட்டி கிடையாது. 10 செ.மீ. விட்டம், 20 செ.மீ. உயரம் கொண்ட உருளை. அந்த உருளைகளை முதல் இரவு சூடான பெட்டியில் வைக்காமல் திறந்தவெளியில் விட்டால் உறைந்து, 28ஆம் நாள் உடைக்கும்போது பலம் குறைவாகக் காட்டும். தூண் நன்றாகவே இருக்கும், காகிதத்தில் தோற்றிருக்கும். கான்கிரீட்டுக்குள் 5 முதல் 8 சதவீதம் வரை நுண்ணிய காற்றுக் குமிழ்களும் வேண்டும். உள்ளே ஊறின தண்ணீர் உறைந்து விரியும்போது அந்தக் குமிழ்கள்தான் இடம் கொடுக்கின்றன. அளவு குறைந்தால் சில குளிர்காலத்தில் மேற்பரப்பு செதிள் செதிளாகப் பெயரும். குமிழ் எவ்வளவு என்று லாரி வந்ததும் அளந்து, சரியில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவோம்.

குளிரை விட மோசமானது உப்பு. சாலைப் பனியைக் கரைக்க உப்புப் போடுகிறார்கள். உப்புத் தண்ணீர் தளம் நீளவும் சுருங்கவும் இடைவெளி விட்ட ஜாயிண்ட் வழியாகக் கீழே இறங்கி, தூண்மேல் தளத்தைத் தாங்கும் பேரிங்கை அரித்து, தூணின் தலைக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கவைக்கும். துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். பாலத்தின் ஆயுள் ஜாயிண்டில்தான் இருக்கிறது. நம் காவிரிப் பாலத்தில் 2022இல் மூடி 2023 மார்ச் வரை செய்ததும் ஜாயிண்டும் பேரிங்கும்தானே. இங்கே அந்த ஜாயிண்ட் செய்ய வேண்டிய வேலை அதிகம். மைனஸ் 45இல் இருந்து பிளஸ் 35 வரை 80 டிகிரி வித்தியாசம். 200 மீட்டர் எஃகு அதில் ஏறக்குறைய 19 செ.மீ. நீளும், சுருங்கும். திருச்சியில் 25 டிகிரி வித்தியாசத்துக்கு 6 செ.மீ. போதும். ஆகவே முடிந்த இடமெல்லாம் ஜாயிண்டே இல்லாமல், தளத்தையும் கரையோரச் சுவரையும் ஒன்றாக வார்த்துவிடுகிறார்கள். எனக்கு அது மிகச் சரியான போக்காகத் தெரிகிறது. இல்லாத ஜாயிண்ட் ஒழுகாது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், உக்ரைன் வம்சாவளி. விடிவதற்கு முன் வாசல் பனியை வாருவார், பனி பெய்துகொண்டிருந்தாலும் வாருவார். தன் வாசலில் ஒரு பிடி உப்பு விடமாட்டார், மணல்தான் தூவுவார். உப்புக் கான்கிரீட்டைத் தின்னும் என்று தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்வார். உருளைக்கிழங்குப் பூரணம் வைத்த கொழுக்கட்டை மாதிரி ஒன்று செய்து கொடுப்பார், அதில் வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கிப் போட்டிருக்கும். பதிலுக்கு ரசம் கொடுத்தேன். இரண்டாவது முறை அவரே கேட்டு வாங்கினார். சாப்பாட்டுக்குக் குறையில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். முருங்கைக்காய் உறையவைத்த பொட்டலத்தில் கிடைக்கிறது.

எல்லாம் சரியாகவே நடக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். தென்கிழக்கு ரயில் பாதையில் உயரத்தில் போகும் பகுதியில் 2022இல் பல தூண்தலைகளில் வெடிப்புக் கண்டார்கள். வலுவூட்டி முடித்து 2023 நவம்பரில்தான் ரயில் விட்டார்கள். ஊரே திட்டியது. ஆனால் பயணிகளை ஏற்றுவதற்கு முன்பே கண்டுபிடித்து வெளியே சொன்னார்கள், அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

தவதினா பாலத்தில் ரயில் தளத்துக்குக் கீழே நடைபாதை தொங்குகிறது. அதன் கூரையில் ஓவியங்கள். ஞாயிறுகளில் அங்கே நடந்துவிட்டு வருவேன், வீட்டில் சும்மா இருப்பதற்கு அது மேல். கீழே ஆறு வெள்ளையாக, சத்தமில்லாமல் கிடக்கும். ஆற்றங்கரையில் தண்ணீர்ச் சத்தம் கேட்காமல் நிற்பது எனக்கு இன்னும் பழகவில்லை அப்பா. ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபம் படித்துறையில் கால் வைக்க இடமில்லாமல் கூட்டம் நெருக்குமே, பாட்டி என் கையை இறுகப் பிடித்துக்கொள்வாளே, அந்த நெரிசல் வேண்டும் போலிருக்கிறது. இந்த வருஷம் ஆடிக்கு வர முடியுமா என்று பார்க்கிறேன். டிக்கெட் விலை கொஞ்சம் இறங்கட்டும்.

மாடி விஷயம். ஐந்து அங்குலத் தளம், எம்-20 தரக் கான்கிரீட் என்று எழுதியிருந்தீர்கள், போதும். ஒரு மூட்டை சிமெண்டுக்கு 25 லிட்டருக்கு மேல் தண்ணீர் போகக் கூடாது, எம்-சாண்ட் ஈரமாக இருந்தால் அதையும் கழித்துக்கொள்ள வேண்டும். கலவை ஓடவில்லை என்று ஆட்கள் குடத்தைச் சாய்ப்பார்கள், அன்று நீங்கள் அல்லது தம்பி பக்கத்திலேயே நில்லுங்கள். கம்பி பலகையில் படாமல் அடியில் வைக்கும் கவர் பிளாக் 20 மி.மீ., ஜல்லித் துண்டை வைத்து ஒப்பேற்றக் கூடாது. முன்பக்கப் பால்கனிக்கு மெயின் கம்பி மேலே வர வேண்டும். கான்கிரீட் போடும்போது ஆட்கள் அதன்மேல் நடந்து மிதித்துக் கீழே இறக்கிவிட்டால் அந்தக் கம்பி இருந்தும் இல்லாத மாதிரிதான், பால்கனி சுவரோடு சேரும் இடத்தில் முறியும். மேல் கம்பியைத் தாங்கும் நாற்காலிக் கம்பி நெருக்கமாக வைத்து, மேலே நடக்கப் பலகை போடச் சொல்லுங்கள். பாத்தி கட்டித் தண்ணீர் குறைந்தது பத்து நாள் நிற்க வேண்டும். கூடத்தின் அகலம் 15 அடிக்கு உள்ளே இருந்தால் முட்டு ஏழு நாளில் எடுக்கலாம், அதற்கு மேலென்றால் பதினான்கு. பால்கனிக்குக் கொடுத்த முட்டுகளை மட்டும் கடைசியில், நுனியிலிருந்து தொடங்கி எடுக்க வேண்டும்.

பணம் இந்த மாதம் பத்து நாள் முன்னே பின்னே ஆகும். குளிரில் சில வேலைகள் நிற்பதால் அப்படி, கவலைப்பட ஒன்றுமில்லை. கம்பிக் கடைக்காரரிடம் மாதக் கடைசி என்று சொல்லிவையுங்கள். அத்தையிடம் கைமாற்று வாங்க வேண்டாம், நானே அனுப்பிவிடுகிறேன். தம்பியின் பரீட்சைக் கட்டணம் தனியாக அவன் கணக்கில் போட்டிருக்கிறேன். சித்தப்பா வீட்டு எல்லைச் சுவர் பேச்சை மாடி முடியும்வரை எடுக்காதீர்கள். பாட்டி கண் ஆபரேஷனுக்குத் தேதி குறித்ததும் எனக்கு எழுதுங்கள்.

தளத்துக்குக் கம்பி கட்டி முடித்ததும், கான்கிரீட்டுக்கு முந்தின நாள், பால்கனி கம்பியைப் பக்கவாட்டில் நின்று போட்டோ எடுத்துத் தம்பியை அனுப்பச் சொல்லுங்கள். நான் பார்த்துச் சொல்லும்வரை லாரியைக் கூப்பிட வேண்டாம்.

உங்கள் அன்பு மகள்