பெயர் வைத்த வெங்காயம் விளைந்த மண்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் பாரிஸ் புறநகர்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். எங்கள் ஊர் லாக்கூர்நெவ்வுக்கும் அதில் ஒரு பந்தி கிடைத்திருக்கிறது. "கொங்கிறீற்றோடு பிறந்த, வரலாறு இல்லாத ஊர்" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிட்டார் கட்டுரையாளர். முப்பது வருடத்துக்கு மேலாக இங்கே குடியிருப்பவன் நான். அந்த வரியோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு.

முதலில் ஒரு வேடிக்கை. பிரெஞ்சு வெளிநாட்டு அமைச்சின் ஆவணக் காப்பகம் 2009 முதல் இருப்பது எங்கள் ஊரில்தான். அரசர்கள் காலத்து ஒப்பந்தங்களும் தூதுவர்கள் எழுதிய கடிதங்களும் தேடி ஆராய்ச்சியாளர்கள் இந்த "வரலாறு இல்லாத" ஊருக்குத்தான் ரெயில் ஏறி வருகிறார்கள். காப்பகம் நிற்கும் தெருவின் பெயர் சுசான் மசோன். இங்கிருந்த ராத்தோ டர்பைன் தொழிற்சாலையில் வரைபடம் வரைந்தவர், தொழிற்சங்கக்காரி. ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்ததற்காக 1943 நவம்பர் 1இல் ஹம்பேர்க்கில் அவர் தலையை வெட்டினார்கள். உள்ளே உள்ள கட்டுகளைப் புரட்ட வருகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயர்ப்பலகையை நிமிர்ந்து பார்க்கிறார்களோ தெரியாது.

சரி, கொங்கிறீற்றுக்கு முன்னால் இங்கே என்ன இருந்தது? தோட்டம். ஓபேர்வில்லியே, சான் டெனி, லாக்கூர்நெவ் சேர்ந்த இந்தத் தாழ்நிலத்துக்கு வெர்த்யு சமவெளி என்று பெயர். பாரிஸ் நகரத்துக்குக் கோவாவும் வெங்காயமும் முள்ளங்கி வகைகளும் இங்கேயிருந்து வண்டி வண்டியாகப் போயின. வைக்கோல் நிறத்தில் ஒரு மஞ்சள் வெங்காயம், "வெர்த்யு" என்ற பெயரோடு இன்றைக்கும் விதைக் கடைகளில் பொட்டலமாகத் தொங்குகிறது. தோட்டம் போய்விட்டது, பெயர் வெங்காயத்தில் ஒட்டிக்கொண்டது. அந்தத் தோட்டங்களை நனைத்த ஓடைகளில் ஒன்றுக்குப் "பழைய கடல்" என்று பெயர். என்ன அழகான பெயர்! இப்போது அது நிலத்துக்கு அடியில் குழாய்க்குள் ஓடுகிறது.

பிறகு தொழிற்சாலைகள் வந்தன. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாப்கொக் கொதிகலன் ஆலை, அதைத் தொடர்ந்து மற்றவை. முதல் உலகப் போரில் கைக்குண்டுகளைக் குவித்து வைத்த கிடங்கும் இங்கேதான் இருந்தது. 1918 மார்ச் 15இல் அது வெடித்தபோது ஆயிரத்துக்கு மேல் காயம். பாரிஸ் வரைக்கும் கண்ணாடிகள் நொறுங்கின. நாட்டுக்கு ஆபத்தான சரக்கை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு அன்றைக்கே கிடைத்த பதில் எங்கள் ஊர்.

"நாலாயிரம்" குடியிருப்பின் கதையும் அப்படித்தான். கட்டுரையாளர் அதை ஊரின் தொடக்கமாக எழுதுகிறார். ஊர் கேட்டுக் கட்டியதல்ல அது. 1950களின் பிற்பகுதியிலும் 60களிலும் பாரிஸ் நகரத்தின் வீட்டுத்துறை தன் இட நெருக்கடியைக் கொண்டுவந்து இங்கே அடுக்கியது. நாலாயிரம் வீடு என்பதால் அதுவே பெயராகிவிட்டது. பாரிஸில் வீடு இழந்தவர்கள், அல்ஜீரியாவிலிருந்து வந்தவர்கள், தகரக் கொட்டில்களில் கிடந்தவர்கள் எல்லாரும் அங்கே ஏற்றப்பட்டார்கள். 1984 வரைக்கும் வீட்டுச் சொந்தக்காரர் பாரிஸ். கெட்ட பேர் மட்டும் எங்களுக்கு. ஊர்க் கைக்கு வந்த நேரத்தில் கட்டடங்கள் ஏற்கெனவே களைத்துப்போயிருந்தன. பாரிஸ் என்ற வீட்டுக்கு நாங்கள் கோடிப்புறம். வேண்டாததைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, கோடி நாறுகிறது என்று சொன்னால் எப்படி?

1986இல் அந்தக் குடியிருப்பின் டெபுசி என்ற நீளக் கட்டடத்தை வெடி வைத்துச் சாய்த்தார்கள். 2000 யூன் 8இல் ரெனுவார். 2004இல் ராவெலும் பிரெசோவும். ரெனுவார் விழுந்த அன்று சனத்தோடு நானும் நின்றேன். சில வினாடி, ஒரு தூசி மேகம், அவ்வளவுதான். சிலர் கை தட்டினார்கள். பக்கத்தில் நின்ற ஒரு வயதான பெண், தன் சமையலறை எந்த மாடியில் இருந்தது என்று பேத்திக்கு விரலால் வெறும் ஆகாயத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். லிஃப்ட் ஓடாத மாடிகளில் சாமான் சுமந்து ஏறியவன் நான், அந்தச் சுவர்களுக்காக அழமாட்டேன். ஆனாலும் தொலைக்காட்சி எங்களைத் தேடி வருவது ஏதாவது வெடிக்கும்போதும் விழும்போதும் மட்டும்தான். 2005இல் ஒரு சிறுவன் யாரோ சுட்ட குண்டில் இறந்த பிறகு, அன்றைய உள்துறை அமைச்சர் சார்கோசி வந்து, இந்த இடத்தைத் தண்ணீர் பீச்சும் இயந்திரத்தால் கழுவப் போவதாகச் சொன்னார். அந்தச் சொல் இருபது வருடமாகியும் ஊரை விட்டுப் போகவில்லை.

போதைப்பொருள் விற்கும் மூலைகள் இங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. வேலையில்லாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். உங்கள் கட்டுரை அதை மட்டும் எழுதியதுதான் என் குறை. 400 ஹெக்டேருக்கு மேல் விரிந்த பூங்கா ஒன்று எங்களிடம் உண்டு, நியூயோர்க்கின் சென்ட்ரல் பார்க்கை விடப் பெரியது. அதன் மேடுகளில் ஒரு பங்கு, பாரிஸின் பழைய மத்திய சந்தை 'லே ஆல்' இருந்த இடத்தைத் தோண்டியபோது வந்த மண். எங்கள் தோட்டத்து மரக்கறி போய் இறங்கிய அதே சந்தை! மரக்கறியை அனுப்பினோம், மண் திரும்பி வந்தது. மெக்கானோ தொழிற்சாலை இருந்த கட்டடத்தில் இப்போது கவிஞர் எமே செசேர் பெயரில் நூலகம். பரீட்சை நாட்களில் கதிரை பிடிப்பதே பாடு. பாப்கொக் ஆலை நின்ற நிலத்தில் ஒரு பகுதியில் பிரெஞ்சு மத்திய வங்கி நோட்டு எண்ணுகிறது.

எங்கள் ஆட்கள் பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் சாமான் வாங்கிக்கொண்டு, இரவில் படுக்க வரும் ஊர் என்றுதான் முன்பு இதைச் சொல்வார்கள். இப்போது கோயிலும் கடையும் இங்கேயே இருக்கின்றன. ஞாயிறு காலை காத்ர் றூத் சந்தையில் முருங்கைக்காய் பேரம் பேசும் தமிழுக்குப் பக்கத்தில் அரபும் பம்பராவும் போர்த்துக்கீசும் கேட்கும்.

கட்டுரையாளரைக் குறை சொல்ல மட்டும் எழுதவில்லை. "வரலாறு இல்லாத" என்ற அந்த வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். அப்புறம், அவரை 7ஆம் மெற்றோவில் ஏற்றி, கடைசி நிறுத்தத்தில் இறங்கச் சொல்லுங்கள். சந்தைக்கு நான் கூட்டிப்போகிறேன். ஆவணக் காப்பகத்தையும் பார்க்க வேண்டுமென்றால் ஞாயிறு சரிவராது, கிழமை நாளில் வரட்டும்.

இப்படிக்கு,
லாக்கூர்நெவ் வாசகர் ஒருவர்