'இ'யில் தேடினோம், 'ஒய்'யில் கிடைத்தார்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

காணாமல் போன எங்கள் தாத்தா ஒருவரைத் தேடிக் கண்டுபிடிக்க உதவிய ஒவ்வொருவருக்கும் போனில் நன்றி சொல்லிவிட்டேன். போனில் சொன்னதெல்லாம் காற்றோடு போகும், எழுதி வை என்று பெரம்பூர் அத்தை ஒரு மாதமாக நச்சரிக்கிறார். அதனால் இந்த மடல். யார் பெயரையும் போடவில்லை. உங்களில் இரண்டு பேர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டீர்கள். அவர்களை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் எழுத எனக்கு மனசில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

விஷயம் தெரியாத உறவுக்காரர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. எங்கள் வீட்டுப் பேச்சில் 'நேட்டால் தாத்தா' என்று ஒருவர் உண்டு. நேட்டால் என்றால் தென்னாப்பிரிக்காவில் டர்பன் இருக்கும் பகுதி. என் கொள்ளுத் தாத்தாவின் அண்ணன். பெயர் ஏகாம்பரம். காஞ்சிபுரம் பக்கம் அய்யம்பேட்டையில் தறி நெய்த குடும்பம். ஒருநாள் கஞ்சி குடித்துவிட்டு வெளியே போனவர் பட்டணத்தில் கப்பலேறிவிட்டார் என்பதுதான் ஆயா சொன்ன கதை. கூடவே இன்னொன்றும் சொல்லுவார்: சின்ன வயதில் குளத்துப் படியில் விழுந்து இடது முழங்காலுக்குக் கீழே அவருக்கு நீளமாக ஒரு தழும்பு. காணாமல் போனவரைப் பற்றி மிஞ்சிய இரண்டே தகவல் இவைதான். படம் கிடையாது, கடிதம் கிடையாது.

முதல் நன்றி அத்தைக்கு. அவருடைய தகரப் பெட்டியில், கல்யாணப் புடவைக்கு அடியில், 1926ஆம் வருடத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று இருந்தது. நான்காய் மடித்து மடித்து மடிப்பெல்லாம் பிய்ந்து, தூக்கினால் நான்கு துண்டாக வரும்போல இருந்தது. அதில் எங்கள் கொள்ளுத் தாத்தாவின் அப்பா பெயர் முருகேசன் என்று இருந்தது. அதுவரை அந்தப் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. மூத்த மகன் ஏகாம்பரம் நேட்டாலுக்குப் போய்த் திரும்பவில்லை என்றும், எப்போது வந்தாலும் தெருப்பக்கத்து அறை அவருடைய பங்கு என்றும் எழுதியிருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

நமக்குத்தான் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாதே. அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியல், அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும். நான்கு தலைமுறை போனால் முருகேசன் யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. நேட்டாலில் நடந்தது வேறு. ஒற்றைப் பெயரோடு கப்பலில் போனவருக்குப் பிள்ளை பிறந்தால் பிள்ளை பெயருக்குப் பின்னால் அப்பா பெயரை எழுதினார்கள். பேரனுக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு அங்கே கோவெண்டர், மூட்லி, பிள்ளே என்று பட்டப் பெயரோடு இருப்பவர்கள் எவ்வளவோ, முனுசாமி, பெருமாள், ஆறுமுகம் என்று ஒரு கொள்ளுத் தாத்தாவின் சொந்தப் பெயரைச் சுமப்பவர்களும் உண்டு. கவுண்டர்தான் கோவெண்டர், முதலியார்தான் மூட்லி. முனுசாமிக்கு மட்டும் எத்தனை எழுத்துக்கூட்டல்! எம்முக்குப் பின் யு போட்டவர்கள், இரண்டு ஓ போட்டவர்கள், நடுவில் இருக்கும் 'உ'வையே முழுங்கி மூன்சாமி ஆக்கியவர்கள்.

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து போய் டர்பனில் ஆட்களை இறக்கியது. நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோன முதல் கப்பல் அதுதான். அதில் 342 பேர். 1911இல் அனுப்புவது நிற்கும்வரை மொத்தம் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (ஜில்லாவின் உட்பிரிவு), கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் என்று பதிவேட்டில் எழுதியிருக்கிறார்கள். பெயரை அவர்கள் சொன்னார்கள், குமாஸ்தா காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதினார். எழுதியதைச் சரிபார்க்க, பெயரைச் சொன்னவருக்கு அந்த எழுத்து தெரியாது. எல்லாத் தொல்லையும் அங்கே தொடங்குகிறது.

எழும்பூரில் காந்தி இர்வின் சாலை ஆவணக் காப்பகத்தில் என்னைச் சகித்துக்கொண்ட தம்பிக்கு இரண்டாவது நன்றி. குடியேற்றம் பற்றிய பழைய அரசாணைக் கட்டுகளை எப்படிக் கேட்பது என்றே எனக்குத் தெரியாது. கோரிக்கைச் சீட்டில் வருடத்தை எழுதாமல் "நேட்டால்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். அவர் சிரிக்கவில்லை. "அம்மா, நேட்டாலே ஒரு அலமாரி வரும், வருஷம் சொல்லுங்க" என்றார். அந்தக் காலத்துக் கையெழுத்தில் நீளமான எஸ் எது, எஃப் எது என்று துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினார். அந்தத் துண்டு இன்னும் என் பர்சில் இருக்கிறது. எங்கள் ஏகாம்பரம் அந்தக் கட்டுகளில் இல்லை. ஆனால் சிங்கிள்புட் என்றால் செங்கல்பட்டு, கஞ்சீவரம் என்றால் காஞ்சிபுரம் என்று கண் பழகியது அங்கேதான். அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் பின்னால் கிடைத்ததை நான் தாண்டிப் போயிருப்பேன்.

நடுவில் ஒரு கசப்பும் உண்டு. வம்சாவளி தேடித் தருகிறோம் என்ற ஓர் இடத்தில் ஐயாயிரம் கட்டினேன். மூன்று வாரத்தில் அழகாகச் சட்டம் போட்ட வம்ச மரம் வந்தது. அதில் இருந்த ஏகாம்பரம் தஞ்சாவூர் அய்யம்பேட்டைக்காரர். பாபநாசம் பக்கம் அந்தப் பெயரில் ஓர் ஊர் இருப்பது உண்மைதான், ஆனால் நமக்கும் அதற்கும் என்ன? போன் செய்து கேட்டால், அய்யம்பேட்டைதானே கேட்டீர்கள் என்றார்கள். சட்டம் நல்ல தேக்கு, அதில் இப்போது முருகன் படம் இருக்கிறது.

சரி, அக்கா மகனுக்கு வருகிறேன். ஓஎம்ஆரில் வேலை, சனி ஞாயிறில் தூக்கம், அதையும் நான் கெடுத்தேன். நேட்டால் கப்பல் பட்டியலைக் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தவன் அவன்தான். ஏகாம்பரத்தை இங்கிலீஷில் என்னென்ன விதமாக எழுதலாமோ அத்தனையும் போட்டுப் பார்த்தான். கே போட்டு, ஜி போட்டு, சி போட்டு, கடைசி எம்மை எடுத்துவிட்டு. ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் சவுண்டெக்ஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தான். எழுத்துக்கூட்டல் மாறினாலும் ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்களைச் சேர்த்துத் தேட, 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய முறை. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும், பிறகு உயிரெழுத்துகளைத் தள்ளிவிட்டு மெய்யெழுத்துகளுக்கு மூன்று எண் கொடுக்கும். கே ஆனாலும் ஜி ஆனாலும் 2. எம்முக்கு 5. அடுத்து வரும் பி 1. இங்கிலீஷ் 'இ'யில் தொடங்கி ஏகாம்பரத்தை எப்படி எழுதினாலும் இ-251தான். கே-யா ஜி-யா என்ற குழப்பமே தீர்ந்தது என்று துள்ளினான். இ-251இல் நான்கைந்து பேர் வந்தார்கள். ஒருவர்கூட செங்கல்பட்டு ஜில்லா இல்லை. அத்தோடு ஆடிப் பதினெட்டு, ஆயுத பூஜை, தீபாவளி எல்லாம் வந்து போயிற்று.

விடை கிடைத்தது எங்கள் புரசைவாக்கம் வீட்டு மாடிப்படியில். கீழ்வீட்டுப் பெரியவரே, இந்த மடலே உங்களுக்காகத்தான். முப்பது வருடத்துக்கு மேல் ஆர்எம்எஸ்ஸில் ரயிலில் நின்றுகொண்டே தபால் பிரித்தவர். யார் எப்படிக் கிறுக்கியிருந்தாலும் ஊரைக் கண்டுபிடித்துப் பையில் போடுவதுதான் வேலை. கரண்ட் போன ஒரு சாயங்காலம் படியில் உட்கார்ந்து இந்தக் கதையை அவரிடம் புலம்பினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "உங்க ஆயா அந்தப் பேரை எப்படிக் கூப்பிடுவாங்க? எழுத வேணாம், சொல்லிக் காட்டு" என்றார்.

ஆயா மாதிரியே சொன்னேன்: "யேகாம்பரம்."

"அப்போ 'இ'யில ஏன் தேடுறே?" என்றார்.

அவ்வளவுதான். நாம் எழுதுவது ஏ, வாயில் வருவது யே. எல்லம்மாவை யெல்லம்மா என்றும் ஏழுமலையை யேழுமலை என்றும்தானே எங்கள் பக்கத்தில் கூப்பிடுகிறோம். குமாஸ்தா கேட்டதும் அதைத்தான். முதலில் ஒய் போட்டார். அதற்கடுத்த 'ஏ' ஓசைக்கு இங்கிலீஷ் 'ஏ' எழுத்தையே போட்டுவிட்டார். அக்கா மகனுக்கு அன்றைக்கு ராத்திரியே போன். முதல் எழுத்தை மாற்றினால் ஒய்-251, பின்னால் இருக்கும் மூன்று எண்ணும் அதேதான். முதல் எழுத்தை மட்டும் அந்த முறை விட்டுக்கொடுக்காது, அந்த ஓர் எழுத்தில்தான் பத்து மாதம் நின்றிருக்கிறோம். ஒய்யில் வந்தவர்களில் ஒருவர்: வயது 22, அப்பா பெயர் மூர்கேசன், ஜில்லா சிங்கிள்புட், தாணா கஞ்சீவரம், கிராமம் அயம்பெட்டா. வந்த வருடம் 1898. அடையாளக் கட்டத்தில், இடது காலில் தழும்பு.

பெயரும் ஊரும் மட்டும் ஒத்துப்போயிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன், தஞ்சாவூர்க்காரரிடம் ஏமாந்தவள் நான். அப்பா பெயருக்குப் பத்திரம் இருந்தது, தழும்புக்கு ஆயா இருந்தார்.

டர்பன் அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஓய்வு பெற்ற டீச்சர், எங்களுக்கு எந்த உறவும் இல்லை. சிநேகிதியின் சிநேகிதி என்று ஒரு கடிதம் போட்டதற்கு, குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தில் இருக்கும் காந்தி-லுதுலி ஆவண மையத்துக்கு நேரில் போய் வந்தார். பதிவேட்டு எண்ணை வைத்துக்கொண்டு அவர் சேர்த்துக் கொடுத்த விவரம்தான் இனி வருவது. ஏகாம்பரம் வடகடற்கரையில் ஒரு கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருட ஒப்பந்தம். முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங், பிறகு வருடத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறும், எல்லா ஆண் கூலிகளுக்கும் அதுதான் கணக்கு. ஒப்பந்தம் முடிந்தவர்கள் ஊர் திரும்ப வேண்டும், இல்லையென்றால் மறுபடி ஒப்பந்தம் எழுத வேண்டும், இரண்டும் வேண்டாம் என்றால் வருடத்துக்கு 3 பவுண்டு வரி. 1895இல் போட்ட சட்டம். 3 பவுண்டு என்றால் 60 ஷில்லிங், முதல் வருடக் கூலியில் ஆறு மாதம். அதைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்திருக்கிறார். அந்த வரியை எதிர்த்துத்தான் 1913இல் பெரிய வேலைநிறுத்தம், சிறை, 1914 பிப்ரவரியில் தில்லையாடி வள்ளியம்மையின் சாவு எல்லாம். 1914இல் வரி போயிற்று. ஏகாம்பரம் சிறைக்குப் போனாரா என்று அத்தை ஆசையாகக் கேட்டார். போனதாக எந்தக் காகிதத்திலும் இல்லை, அத்தை. காய்கறி விற்றிருக்கிறார்.

டீச்சர் அக்கா தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டி அந்தக் குடும்பத்தையும் பிடித்துவிட்டார். ஒரே தாத்தாவின் பேரப் பிள்ளைகள், பெயரை மூன்று விதமாக எழுதுகிறார்கள். ஒருவருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு 'ஏ' விட்டுப்போய், அப்படியே நின்றுவிட்டதாம். ஒய்க்கு அடுத்த இங்கிலீஷ் 'ஏ'வை 'ஆ' என்று படித்துப் படித்து, உச்சரிப்பு மட்டும் எல்லோருக்கும் 'யாகம்பரம்'. எங்கள் முன்னோர் யாகம் செய்தவர்கள், அதனால் அந்தப் பெயர் என்று இத்தனை வருடம் நம்பியிருந்தார்கள். வீடியோ காலில் நான் ஏகாம்பரநாதர் கோயில் கோபுரத்தைக் காட்டி, இதுதான் உங்கள் பெயர் என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அங்கே மூத்தவர், தமிழ் அவ்வளவாகப் பேச வராதவர், "கூழ்?" என்று கேட்டார். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறீர்களா என்று கேட்கிறார் என்று பக்கத்தில் இருந்த பெண் சொன்னாள். அங்கேயும் ஊற்றுகிறார்களாம். அத்தை போனைப் பிடுங்கி, கேழ்வரகா கம்பா என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

தை மாதம் டர்பனிலிருந்து அவர்களில் நான்கு பேர் வந்துபோனார்கள். அய்யம்பேட்டையில் எங்களுக்குத் தெருவைக் காட்டிய டீக்கடை அண்ணனுக்கும், டீக்குக் காசு வாங்க மறுத்ததற்கும் நன்றி. பழைய வீடு எப்போதோ விற்றாயிற்று, இடித்தும் கட்டிவிட்டார்கள். பத்திரத்தில் உள்ள தெருப்பக்கத்து அறை பற்றி நான் உளறியதும், "என் பங்கு எங்கே?" என்று அந்த மூத்தவர் இங்கிலீஷில் கேட்டு உரக்கச் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. பெரம்பூருக்கு வந்ததும் தகரப் பெட்டியைத் திறந்து, பத்திரத்தோடு கிடந்த பழைய தறி நாடாவை, குறுக்கு நூலை ஓட்டும் கட்டையை, எடுத்து அவர் கையில் வைத்தார். முனை மழுங்கி, நடுவில் கைபட்டுக் கைபட்டு வழுவழுப்பாக இருக்கும். ஏகாம்பரம் தொட்டதா, அவர் தம்பி தொட்டதா, யார் கண்டது. அந்த மனிதர் அதை விமானத்தில் பெட்டிக்குள் வைக்கவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டு போனார் என்று பின்னால் தெரிந்தது.

டர்பன் சொந்தங்களே, நாடா வட்டிதானாம், அசல் பங்கு இன்னும் பாக்கி என்று அத்தை சொல்கிறார். வாங்கிக்கொள்ள நீங்கள் திரும்ப வர வேண்டும். இந்த முறை ஆடியில் வாருங்கள். கேழ்வரகுதான்.

அன்புடன்,
ஏகாம்பரத்தின் தம்பி வீட்டுக் கொள்ளுப் பேத்தி
புரசைவாக்கம், சென்னை