பாஸ்குப் படங்களின் முதுகை மறைக்காதீர்கள்

கீழ்ப்பர்மாவின் தமிழ்க் கத்தோலிக்கப் பங்குப் பேரவையினருக்கு,

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

இயேசுவின் பாடுகளை நடித்துக் காட்டும் பாஸ்கு நாடகத்தின் பழைய புகைப்படங்களை வீடுகளிலிருந்து திரட்டிக் கோவில் மண்டபத்தில் மாட்டுவது நல்ல காரியம். அவற்றை லேமினேட் செய்வதும் கோந்து தடவி அட்டையில் ஒட்டுவதும்தான் வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரித்தால் உருவம் படிந்த ஜெலட்டின் தோலும் கூடவே உரிந்து வரும். அட்டையில் ஒட்டினாலோ முதுகு போய்விடும்.

முதுகில்தான் சங்கதி இருக்கிறது. தஞ்சைப் பக்கத்து ஊரில் எடுத்ததா, பர்மாவின் பெகுவில் எடுத்ததா என்று முன்பக்கம் சொல்லாது. பிலாத்துவின் ஜரிகை அங்கி கடலின் இரு கரையிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஸ்டூடியோ முத்திரையும் பென்சில் கிறுக்கலும்தான் ஊரைக் காட்டிக்கொடுக்கும்.

கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை இருட்டில் அந்த முதுகின்மேல் பிடியுங்கள். பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் தாளில் வெண்மையூட்டி, அதாவது தாளை வெளுப்பாகக் காட்டும் ரசாயனம், இருக்கிறது. போருக்குப் பிறகுதான் அது புகைப்படத் தாளில் சேர்ந்தது. ஆகவே, 1942-இல் ஜப்பானியர் படையெடுப்புக்கு அஞ்சி நடந்தே இந்தியா போனவர்கள் விட்டுச்சென்ற அச்சாக அந்தப் படம் இருக்க முடியாது. நெகட்டிவ் வேண்டுமானால் பழையதாக இருக்கலாம். ஒளிராததெல்லாம் பழையது என்றும் அடித்துச் சொல்லாதீர்கள். வெண்மையூட்டி சேராத தாள் பிறகும் விற்றது.

பாஸ்கு இரவில் நடப்பது. அக்காலப் பிலிமுக்குப் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் போதாது. சிலுவைக் காட்சியில் காலடியில் குட்டை நிழல் விழுந்திருந்தால், பகலில் வேடம் கட்டி நிற்கவைத்து எடுத்தது என்றே குறிப்பு எழுதுங்கள். சிலுவையில் தொங்கும் உருவத்தின் தோள்பட்டையையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். சிலுவையிலிருந்து இறக்கும்போது கை மடங்குவதற்காக, ஆளுக்குப் பதில் தொங்கவிடும் சில சுரூபங்களுக்கு (சிலைகளுக்கு) தோளில் மூட்டு வைத்து, தோலாலோ துணியாலோ மூடியிருப்பார்கள். அந்த மடிப்பு தெரிந்தால் தொங்குவது சுரூபம்; இயேசுவாக நடித்தவர் என்று யாரோ ஒரு தாத்தாவின் பெயரை எழுதிவிடாதீர்கள்!

ஸ்கேன் வேலையைத் தவக்காலத்திலேயே முடித்துவிடுங்கள், அது காய்ந்த காலம். மே நடுவில் மழை இறங்கினால் ஜெலட்டின் இளகிச் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதைப் பிளேடு போட்டு எடுக்காமல் கண்ணாடியோடே ஸ்கேன் செய்யுங்கள். 6×9 செ.மீ. படத்துக்கு அங்குலத்துக்கு 1200 புள்ளி, தபால் அட்டை அளவுக்கு 600 போதும். கருப்பு வெள்ளையானாலும் கலரில், டிஃப் (TIFF) கோப்பாக, இரு பக்கமும். சின்னப் படத்துக்குப் பக்கம் ஒன்றுக்கு 36 எம்.பி. வரும். கரண்ட் போய்ப் பாதியில் நின்ற கோப்பு உதவாது; இன்வெர்ட்டரில் ஓட்டுங்கள். இரண்டு ஹார்டு டிஸ்க், ஒன்று வேறு ஊரில்.

பெரியவர்களிடம் ஜெராக்ஸைக் கொடுத்துத் தலைக்குத் தலை நம்பர் போட்டு, யார் யூதாஸ், யார் பேதுரு என்று கேட்டு அதிலேயே எழுதுங்கள். அசலில் பட எண் மட்டும், முதுகின் ஓரத்தில், மெத்தென்ற பென்சிலால். பால்பாயிண்ட் அழுத்தினால் முன்பக்கம் புடைக்கும். மண்டபத்தில் பெரிதாக்கிய நகல் போதும். அசல் தனித்தனி வெள்ளைத்தாள் உறையில், தரையிலும் சுவரிலும் படாத தகரப் பெட்டியில் இருக்கட்டும், அந்துருண்டை இல்லாமல்.

ஏற்கெனவே லேமினேட் செய்தவற்றைப் பிரிக்க முயலாதீர்கள். பிளாஸ்டிக்கோடே இரு பக்கமும் ஸ்கேன் செய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய படங்களைப் பராமரிப்போர்,
யாங்கோன்