சுருள் சுற்றும் மகனுக்கு

வெள்ளவத்தை

அன்பு மகன்,

நீ படம் அனுப்பி, கதைத்து, இன்றோடு நாற்பது நாள். இங்கே ஒரு குறையும் இல்லை. ஞாயிறு அக்கா பிள்ளைகளோடு வந்து போனாள். மாமாவின் அந்த விஷயம் ஒருவாறு முடிந்தது, கதைக்கும்போது சொல்லுகிறேன்.

காந்தப் புலத்தை அளக்க நீ சுற்றிய சுருளின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பேனைக் குழாயில் எனாமல் கம்பி, ஒரு சுற்று மற்றதில் ஏறாமல் வடிவாகப் படுத்திருக்கிறது. அப்பாவின் கை அப்படியே உனக்கு. மேசையில் வெயில் விழுந்திருந்தது. செவ்வாய்க்கிழமை, இங்கே இரவு எட்டரை. உனக்குப் பகல் பதினொன்று. நான் ஒன்றும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

விரல் கவனம். நியோடிமியம் காந்தம் இரண்டு பாய்ந்து ஒட்டும்போது இடையில் தோல் அகப்பட்டால் கிழித்துவிடும். மோதி உடைந்தால் சில்லுத் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போடு.

அன்று நீ சுருளைப் பற்றிக் கேட்டபோது, "புத்தகத்தில் இருக்கிறது, பார்" என்று சொல்லிவிட்டேன். பௌதிகவியல் படிப்பித்தவள் சொந்தப் பிள்ளைக்குச் சொல்கிற பதிலா அது? இப்போது சொல்கிறேன். ஒரு சதுர சென்ரிமீற்றர் பரப்பில் 50 சுற்று என்று வை. 1 ரெஸ்லா காந்தப் புலத்துக்குள் இருந்து அதை வெளியே இழுத்தால், அதில் எழுகிற வோல்ற்றை நேரத்தால் பெருக்கிக் கூட்டி வருவது 5 மில்லிவோல்ற்-செக்கன். வேகமாக இழுத்தாலும் மெல்ல இழுத்தாலும் அந்தக் கூட்டுத்தொகை மாறாது. உள்ளே இரும்பு வைக்காதே. குழாயின் விட்டத்தை மட்டும் நம்பாதே, கம்பியின் தடிப்பையும் சேர்த்து வேணியரால் அள. விட்டத்தில் பத்தில் ஒன்று பிழைத்தால் விடையில் ஐந்தில் ஒன்று பிழைக்கும். அந்தக் கூட்டலைச் செய்கிற தொகையீட்டு மின்சுற்றில் பூச்சியம் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும், ஒவ்வொரு தடவையும் இழுக்க முன்பு சரிசெய். உன் சுருள் நல்ல சுருள். பலமான புலத்துக்கு அதுதான் சரி, அது நிரம்பாது, புலம் கூடக் கூட எண்ணும் கூடும்.

நிரம்பாது என்று எழுதிவிட்டு இவ்வளவு நேரம் சும்மா இருந்தேன்.

நீ ஏ.எல். படித்த வருடம் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் காந்தம் எடுத்தாயே. காந்தப் புலத்துக்கு ஏற்ப வோல்ற் காட்டுகிற ஹோல் சிப்புக்கு முன்னால் பிடித்து அளந்து கொப்பியில் எழுதினாய். ஒரு காந்தத்துக்கு 4.21 வோல்ற். இரண்டுக்கு 4.21. மூன்றுக்கும் 4.21. அளக்காமல் எழுதியிருக்கிறாய், பொய் எழுதுகிற பிள்ளை என்று அக்காவுக்கு முன்னால் சொல்லிக் கொப்பியை எறிந்தேன். நீ ஒரு சொல் பேசவில்லை. குனிந்து எடுத்துக்கொண்டு போனாய்.

போன கிழமை புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் அதே ஹோல் சிப், 49ஈ, வாங்கினேன். 5 வோல்ற் கொடுத்தேன். காந்தம் இல்லாமல் 2.5 காட்டியது. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தத்துக்குக் கொஞ்சம் ஏறியது. உன் காந்தம் இன்னும் அலுமாரியில்தான் இருக்கிறது, அதை வைத்தேன். நாலுக்குச் சற்று மேலே போய் நின்றது. இன்னொன்றைச் சேர்த்தேன். அசையவில்லை. புலத்தின் சிறிய அலகான கவுசு ஒன்றுக்கு 1.4 மில்லிவோல்ற் அளவில் ஏறுகிற சிப் அது, 1000 கவுசைச் சற்றுத் தாண்டினால் நிரம்பிவிடும், அதற்கு மேல் ஏறாது. உன் காந்தத்தின் முகத்திலோ சில ஆயிரம் கவுசு. எத்தனை வைத்தாலும் ஒரே எண்தான். நீ கண்டதைத்தான் எழுதியிருந்தாய், மகன். திரான்சிற்றர் நிரம்பலைக் கரும்பலகையில் வரைந்து ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் படிப்பித்தவளுக்கு, வீட்டில் அது தெரியவில்லை. பிழை என்னுடையது.

அதன் பிறகு நீ செய்த எதையும் எனக்குக் காட்டவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகு இந்தச் சுருளைத்தான் காட்டினாய். அதற்கும் நான் புத்தகத்தைப் பார்க்கச் சொன்னேன்.

விரல் கவனம் என்று முன்பே எழுதிவிட்டேன், பரவாயில்லை. காசு ஏதும் தேவையென்றால் அக்காவிடம் சொல்லாமல் எனக்குச் சொல். செவ்வாய்க்கிழமை எட்டரைக்கு ஃபோனுக்குப் பக்கத்தில்தான் இருப்பேன்.

அம்மா