சிசேரியன் குறிப்பைத் தாயின் கையில் கொடுங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலருக்குத் திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய செயலர் அவர்களுக்கு,

வணக்கம்.

தமிழ்நாட்டில் சிசேரியன் செய்துகொள்ளும் ஒவ்வொரு பெண்ணுக்கும், அவர் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும் நாளன்றே, அந்த ஆபரேஷனின் முழுக் குறிப்பும் அவர் கேட்காமலேயே எழுத்தில் கொடுக்கப்பட வேண்டும். அரசு மருத்துவமனையானாலும் தனியார் நர்சிங் ஹோமானாலும் இதைக் கட்டாயமாக்கித் தாங்கள் ஆணை பிறப்பிக்க வேண்டும் என்பதே இந்த மடலின் கோரிக்கை. மாநிலத்தின் சிசேரியன் நிலவரத்தைத் தங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2019-21ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இங்கே 44.9 விழுக்காட்டுப் பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் 63.8 விழுக்காடு. பிள்ளை பெறுகிறவர்களில் பாதிக்குச் சற்றே குறைவானவர்கள் கர்ப்பப்பையில் ஒரு தழும்போடு வீடு திரும்புகிறார்கள். அந்தத் தழும்பு எந்த இடத்தில், எந்த வாக்கில், எந்தக் காரணத்துக்காக விழுந்தது என்று சொல்லும் தாள் அவர்களில் எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதைத் தங்கள் துறை ஒருமுறை விசாரித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

என்னிடம் அந்தத் தாள் இல்லை. இரண்டு சிசேரியனுக்குப் பிறகு இப்போது மூன்றாவது பிள்ளையைச் சுமக்கிறேன். இந்த முறை வலி எடுத்துச் சுகப்பிரசவம் ஆவதற்கு வாய்ப்பு உண்டா என்று தெரிந்துகொள்ள விரும்பி, ஆபரேஷன் தியேட்டரும் ரத்த வங்கியும் இரவு பகலாக இயங்கும் ஒரு பெரிய மருத்துவமனைக்குச் சென்றேன். அங்கிருந்த மூத்த மகப்பேறு மருத்துவர் என்னைக் கடிந்துகொள்ளவும் இல்லை, முடியாது என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிடவும் இல்லை. முதல் பிரசவம் எத்தனையாவது வாரத்தில் நடந்தது, பிள்ளை எப்படி இருந்தது, இரண்டாவதற்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி என்று பொறுமையாகக் கேட்டார். பிறகு, "முதல் ஆபரேஷன்ல கர்ப்பப்பைய எப்படி வெட்டினாங்கன்னு எழுதின சீட்டு இருக்காம்மா? அது இல்லாம நான் எதுவும் சொல்ல முடியாது" என்றார்.

அவர் அப்படிக் கேட்டதற்கு நியாயமான காரணம் இருந்தது. ஏழாம் மாத வளைகாப்பு முடிந்து, வழக்கப்படி முதல் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போயிருந்தேன். 31ஆம் வாரத்திலேயே பனிக்குடம் உடைந்துவிட்டது. பிள்ளை தலை மேலாகவும் புட்டம் கீழாகவும் இருந்தது. ஊருக்கு அருகிலிருந்த நர்சிங் ஹோமில் அவசரமாகச் சிசேரியன் செய்து என்னையும் என் மகளையும் காப்பாற்றினார்கள். அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. மாதம் நிறையாத வயிற்றில் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி போதிய அளவு விரிந்து மெலிந்திருக்காது என்பதால், சில சமயம் அங்கே குறுக்காக வெட்ட முடியாமல் மேல்நோக்கி நெட்டுவாக்கில் வெட்ட நேரிடும் என்று மருத்துவர் விளக்கினார். வயிற்றுத் தோலில் தையல் குறுக்காக இருப்பதை வைத்து உள்ளே கர்ப்பப்பையிலும் குறுக்காகத்தான் வெட்டியிருப்பார்கள் என்று சொல்லிவிட முடியாதாம். ஸ்கேனில் தழும்பின் தடிமனை அளக்கலாம். ஆனால் இத்தனை மில்லிமீட்டர் இருந்தால் பாதுகாப்பு என்று எல்லோரும் ஏற்றுக்கொண்ட அளவு எதுவும் இல்லை. ஆகவே விடை, அன்று கத்தியைப் பிடித்தவர் எழுதிய குறிப்பில்தான் இருக்கிறது.

அந்தக் குறிப்பைத் தேடித்தான் நிறைமாதத்தை நெருங்கும் வயிற்றோடு பேருந்து மாறி மாறி அந்த நர்சிங் ஹோமுக்குச் சென்றேன். ஆபரேஷன் செய்த மருத்துவர் வேறு ஊருக்குப் போய்விட்டாராம். வரவேற்பில் இருந்தவர், "மூணு வருஷத்துக்கு மேல கேஸ் ஷீட் எதையும் வெச்சுக்கறதில்லம்மா, பழசெல்லாம் கழிச்சுட்டோம்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தார். என்னிடம் இருப்பது அன்று கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி மட்டுமே. அதில் பிள்ளையின் எடை இருக்கிறது, பிறந்தவுடன் அழுதது என்று இருக்கிறது, எனக்குக் கொடுத்த ஆன்டிபயாட்டிக் ஊசிகளின் பெயர்களும் தையல் பிரிக்க வேண்டிய தேதியும் இருக்கின்றன. என் உடம்புக்குள் செய்யப்பட்டதைப் பற்றி இருப்பது, சிசேரியன் செய்யப்பட்டது என்னும் ஒரே வரி.

இரண்டாவது பிரசவம் கணவரின் ஊரில், வேறொரு மருத்துவமனையில். பிள்ளை மாதம் நிறைந்து, தலை கீழிறங்கி, எந்தச் சிக்கலும் இல்லாமல் இருந்தது. ஆனாலும் முன்னரே தேதி குறித்து ஆபரேஷன் செய்தார்கள். காரணம் என்ற இடத்தில், முதல் பிரசவம் சிசேரியன் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த மருத்துவர் என் வயிற்றைத் திறந்தபோது பழைய தழும்பை நேரில் பார்த்திருப்பார். அது குறுக்கா நெடுக்கா என்று இரண்டு சொற்கள் எழுதியிருந்தால் இன்று என் கேள்விக்கு விடை கிடைத்திருக்கும். எழுதவில்லை. யாரும் அவரை எழுதச் சொல்லவும் இல்லை.

ஐயா, எப்பாடுபட்டாவது சுகப்பிரசவம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவள் அல்ல நான். கர்ப்பப்பை நெட்டுவாக்கில் வெட்டப்பட்டிருந்தது என்று அந்தத் தாள் சொன்னால், வலி எடுக்கும்வரை காத்திராமல் மூன்றாவது ஆபரேஷனுக்கு நானே கையெழுத்துப் போடுவேன். கீழ்ப்பகுதியில் குறுக்காக ஒருமுறை வெட்டப்பட்டவர்கள் வலி எடுத்துப் பிரசவிக்க முயலும்போது கர்ப்பப்பை பழைய தழும்பின் வழியே பிளந்துபோகும் வாய்ப்பு 200 பேரில் ஒருவருக்கு என்ற அளவில் இருப்பதாகவும், முயல்பவர்களில் நான்கில் மூன்று பங்கினருக்குச் சுகப்பிரசவம் ஆவதாகவும் பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. இரண்டு சிசேரியன் ஆனவர்களுக்கு அந்த ஆபத்து கூடுகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் அது ஏறத்தாழ 1.36 விழுக்காடு, வெற்றி ஏறத்தாழ 71 விழுக்காடு. அவர்களுக்கும் மூத்த மருத்துவர் எல்லாவற்றையும் விளக்கிய பிறகு வாய்ப்பளிக்கலாம் என்கிறது அதே வழிகாட்டுதல். அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பும் 2019இல் இதற்கு நெருக்கமான கருத்தையே சொல்லியிருக்கிறது. இவை எல்லாமே கீழ்ப்பகுதிக் குறுக்குவெட்டைப் பற்றிய கணக்குகள். நெட்டுவெட்டாக இருந்தால் ஆபத்து பல மடங்கு. இந்த இரண்டில் எந்தக் கணக்கு எனக்குரியது என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தத் தாளைக் கேட்கிறேன்.

மீண்டும் ஒரு சிசேரியன் செய்துகொண்டால் எல்லாம் பாதுகாப்பாக முடிந்துவிடும் என்று என்னிடம் பலர் ஆறுதல் சொல்கிறார்கள். அதிலும் ஆபத்து உண்டு. அமெரிக்காவில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சிசேரியன்களை ஆராய்ந்து 2006இல் வெளிவந்த ஆய்வில், நஞ்சுக்கொடி கர்ப்பப்பைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு பிரியாமல் போகும் நிலை முதல் சிசேரியனில் 0.24 விழுக்காடாகவும், மூன்றாவதில் 0.57 விழுக்காடாகவும், நான்காவதில் 2.13 விழுக்காடாகவும் இருந்தது. நஞ்சு கீழிறங்கிக் கர்ப்பப்பை வாயை மறைத்துக்கொண்டிருந்தவர்களில், மூன்றாவது சிசேரியனின்போது நூற்றுக்கு நாற்பது பேருக்கு இந்த நிலை ஏற்பட்டிருந்தது. இது நேர்ந்தால் கட்டுக்கடங்காத ரத்தப்போக்கு ஏற்பட்டுக் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரும். அடுத்து ஆபரேஷன்தான் என்று முடிவானாலும், முந்தைய முறை சிறுநீர்ப்பை ஒட்டியிருந்ததா, வெட்டு பக்கவாட்டில் கிழிந்து நீண்டதா, எவ்வளவு ரத்தம் போனது என்பதெல்லாம் மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிவது உயிர் காக்கும் செய்தி. எனவே சுகப்பிரசவத்துக்கு முயல்பவருக்கும், மறுபடி கத்தியின் கீழ் படுப்பவருக்கும் ஒரே தாள்தான் தேவைப்படுகிறது.

ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்தான் என்னும் வாசகத்தை 1916இல் நியூயார்க் மருத்துவர் எட்வின் கிரேகின் சொன்னார். அது கர்ப்பப்பையை நெட்டுவாக்கில் வெட்டிக்கொண்டிருந்த காலம். தேவையில்லாமல் முதல் சிசேரியனைச் செய்யாதீர்கள் என்று சக மருத்துவர்களை எச்சரிக்கத்தான் அவர் அதைச் சொன்னார். விதிவிலக்குகள் உண்டு என்றும் கூறினார். நூறாண்டு கடந்து, வெட்டும் முறை மாறிய பின்னும், அந்த வாசகம் மட்டும் நம் ஊர் நர்சிங் ஹோம்களில் சட்டம்போல் நிற்கிறது. அதை மீறிக் கேள்வி கேட்கும் பெண்ணுக்கு வேறு பேச்சும் கிடைக்கிறது. இரண்டு சிசேரியன் ஆகியும் குடும்பக் கட்டுப்பாடு செய்யாமல் ஏன் வந்தாய் என்று, வரிசையில் நிற்கும் அத்தனை பேர் காதிலும் விழும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். பிள்ளை எத்தனை வேண்டும் என்பது நானும் என் கணவரும் எடுத்த முடிவு. அதற்காக ஒரு கர்ப்பிணியைக் கூசிப்போக வைப்பது மருத்துவம் ஆகாது. இது குறித்துச் சொல்ல எனக்கு நிறைய உண்டு. ஆனால் தங்கள் நேரத்தை மதித்து என் கோரிக்கைக்கே திரும்புகிறேன்.

மருத்துவர்களின் தொழில் ஒழுக்கத்துக்கான 2002ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, உள்நோயாளியின் பதிவேடுகளை மூன்றாண்டுகள் வைத்திருந்தால் போதும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். முதல் பிள்ளைக்கும் இரண்டாவது பிள்ளைக்கும் மூன்றாண்டு இடைவெளி விடுங்கள் என்று வீடு தேடி வந்து சொல்வதும் அரசுதான். அரசு சொன்னபடி இடைவெளி விட்ட பெண், அடுத்த பிரசவத்துக்கு வரும்போது அவளுடைய கேஸ் ஷீட்டைக் கழித்துக்கட்ட மருத்துவமனைக்கு விதி இடம் கொடுக்கிறது. அதற்கு முன்பே கேட்டு வாங்கியிருக்கலாமே என்று சொல்வார்கள். ஆபரேஷன் குறிப்பு என்ற ஒன்று இருப்பதே பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணுக்கும் சொல்லப்படுவதில்லை. தெரியாத ஒன்றை எப்படிக் கேட்பது? அதிலும் முதல் பிரசவம் தாய்வீட்டில், அடுத்தது புகுந்த ஊரில் என்பது நம் வழக்கம். ஒரு மருத்துவமனையின் அலமாரியில் இருக்கும் காகிதம் இன்னொரு ஊருக்குத் தானாக வந்து சேராது. முப்பது ஆண்டுக்கு முந்தைய நிலத்தின் வில்லங்கத்தைப் பதிவுத்துறை எடுத்துத் தருகிறது. ஏழாண்டுக்கு முன் என் கர்ப்பப்பையில் போட்ட வெட்டைப் பற்றிச் சொல்ல இந்த மாநிலத்தில் ஒருவரும் இல்லை.

இதற்குப் புதிய கட்டடமோ பெரும் நிதியோ தேவையில்லை. ஒரே பக்கத்தில், தமிழிலும் மருத்துவர்களுக்குப் புரியும் வகையிலும் ஒரு படிவம் போதும். எத்தனையாவது வாரத்தில், என்ன காரணத்துக்காகச் சிசேரியன் செய்யப்பட்டது, வலி வந்திருந்தால் கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருந்தது, கர்ப்பப்பையில் எந்த இடத்தில் எந்த வாக்கில் வெட்டினார்கள், வெட்டு நீண்டு கிழிந்ததா, தையல் எத்தனை அடுக்கு, முன்பே தழும்பு இருந்தால் அது எப்படி இருந்தது, அடுத்த முறை சுகப்பிரசவத்துக்கு முயலலாமா, கூடாதென்றால் ஏன் என்பவற்றை அதில் நிரப்பி, ஆபரேஷன் செய்தவர் கையெழுத்திட வேண்டும். கர்ப்பம் உறுதியானவுடனேயே ஒவ்வொரு பெண்ணுக்கும் பிக்மி எண் என்னும் கர்ப்பப் பதிவு எண் வழங்கும் ஏற்பாடு இங்கே ஏற்கெனவே இருக்கிறது. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கே அந்த எண்ணைக் கேட்கிறார்கள். அதே எண்ணின்கீழ் இந்தப் பக்கத்தையும் பதிவேற்றி வைத்தால், தாள் தொலைந்தாலும், நர்சிங் ஹோம் மூடப்பட்டாலும், அடுத்த பிரசவத்தைப் பார்க்கும் மருத்துவர் அதை எடுத்துப் பார்க்க முடியும்.

என் பிரசவ நாளுக்குள் இந்த ஆணை வந்தாலும், கழித்துக்கட்டப்பட்ட என் கேஸ் ஷீட் திரும்பி வரப்போவதில்லை. எனக்கான முடிவை, தெரிந்த அளவை வைத்துக்கொண்டு, என் மருத்துவரோடு பேசி எடுப்பேன். ஆனால் இந்த வாரம் தமிழ்நாட்டில் முதல் சிசேரியன் செய்துகொள்ளும் பெண்களின் குறிப்புகள் இன்னும் கோப்பில்தான் இருக்கின்றன. அவர்கள் வீடு திரும்பும்போது அவற்றைக் கொடுத்தனுப்ப இன்னும் நேரம் இருக்கிறது. எனவே சிசேரியன் குறிப்பைத் தாயின் கையில் கொடுப்பதைக் கட்டாயமாக்கி, அரசு மருத்துவமனைகளுக்கும் பதிவு பெற்ற தனியார் மருத்துவமனைகள் அனைத்துக்கும் சுற்றறிக்கை அனுப்ப ஆவன செய்யுமாறு தங்களைப் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாவது பிரசவத்தை எதிர்நோக்கியிருக்கும் ஒரு தாய்,
திருவாரூர் மாவட்டம்