அவள் அழுகிறாள், அவன் பேசுவதில்லை

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஒரே நாளில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள், இருவருக்கும் 13 வயது. அவள் தொட்டதற்கெல்லாம் அழுகிறாள். அவனோ எதைக் கேட்டாலும் ‘ஒன்றுமில்லை’ என்று கதவைச் சாத்திக்கொள்கிறான். ஆண் மூளையும் பெண் மூளையும் அடிப்படையிலேயே வேறுதானா என்று கேட்டிருக்கிறாய். வேறுபாடு உண்டு, ஆனால் நீ தேடுகிற இடத்தில் அது பெரிதாக இல்லை. அவளைப் பற்றித்தான் நீ பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். எனக்கோ அவனைப் பற்றித்தான் கவலை அதிகம்.

முதலில் காலக் கணக்கைப் பார். பெண் பிள்ளைகள் சராசரியாக ஓரிரு ஆண்டுகள் முன்னதாகவே பருவமடையத் தொடங்குகிறார்கள். மூளையிலும் இந்த முன்பின் தெரிகிறது. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் ஜே கீட் என்ற மருத்துவரின் குழு, ஒரே பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தது. 2007இல் அந்த ஆய்வில் வெளியான கணக்குப்படி, பெருமூளையின் மொத்தப் பருமன் பெண்களுக்கு 10.5 வயதிலும் ஆண்களுக்கு 14.5 வயதிலும் உச்சத்தைத் தொடுகிறது. பருமன் கூடினால் அறிவு கூடும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் உன் பிள்ளைகள் இருவரும் வளர்ச்சியின் ஒரே படியில் நிற்கவில்லை என்பது மட்டும் உறுதி. ‘அவளைப் பார், எவ்வளவு பொறுப்பாக இருக்கிறாள்’ என்று இந்த வயதில் அவனிடம் சொல்லாதே.

அமிக்டலா என்று மூளையின் ஆழத்தில் ஒரு சிறிய பகுதி இருக்கிறது. அச்சமோ சினமோ தரும் எதையும் அது சட்டென்று பிடித்துக்கொள்ளும். அதை நிதானப்படுத்துவது நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் புறணி. அது முழுதாக முதிர 25 வயதுவரை ஆகலாம், இருவருக்கும்தான். 2001இல் வில்லியம் கில்கோர் குழுவினர் பிள்ளைகளுக்கு அஞ்சிய முகங்களின் படங்களைக் காட்டி மூளையைப் படமெடுத்தார்கள். வயது ஏற ஏற, பெண்களிடம் அமிக்டலாவின் பங்கு குறைந்து முன்மூளையின் பங்கு கூடியது. ஆண்களிடம் அப்படி ஒரு மாற்றம் தெரியவில்லை. இதைப் படித்ததும் உன் வீட்டுக் கதையே விளங்கிவிட்டது போல இருக்கும். ஆனால் அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் 20 பேர்கூட இல்லை! அதை வைத்து உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தீர்ப்பு எழுத முடியாது. லீஸ் எலியட் என்ற நரம்பியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் இத்தகைய முப்பது ஆண்டு ஆய்வுகளைத் திரட்டி 2021இல் எழுதினார்கள். ஆண் மூளை பருமனில் ஏறத்தாழ 11 சதவீதம் பெரியது. அந்தப் பருமனைக் கழித்துவிட்டுப் பார்த்தால், மூளைகளுக்கிடையே காணும் வேறுபாட்டில் பாலினத்தின் பங்கு சுமார் 1 சதவீதம்தான் என்பது அவர்கள் கண்டது.

அப்படியானால் உன் கண்ணெதிரே தெரியும் இவ்வளவு பெரிய வேறுபாடு எங்கிருந்து வந்தது? 1976இல் ஜான் காண்ட்ரி, சாண்ட்ரா காண்ட்ரி என்ற இருவர் செய்த சோதனை ஒன்று உண்டு. ஒன்பது மாதக் குழந்தையின் முன்னால் மூடியைத் தள்ளிக்கொண்டு துள்ளி எழும் பொம்மைப் பெட்டி ஒன்றை வைக்கிறார்கள். குழந்தை திடுக்கிட்டு அழுகிறது. அந்தப் படக்காட்சியைப் பார்த்தவர்களில் பாதிப் பேரிடம் அது ஆண் குழந்தை என்றும், மீதிப் பேரிடம் பெண் குழந்தை என்றும் சொல்லப்பட்டது. ஆண் என்று நம்பியவர்கள் பெரும்பாலும் அது கோபத்தில் அழுகிறது என்றார்கள். பெண் என்று நம்பியவர்களுக்கு அதே அழுகை பயமாகத் தெரிந்தது. அதே குழந்தை, அதே கண்ணீர். பேச்சு வருவதற்கு முன்பே அதன் உணர்ச்சிக்கு நாம் பெயர் சூட்டிவிடுகிறோம். பயத்தை ஒப்புக்கொள்ளலாம் என்று ஒருத்திக்கும், கோபம் ஒன்றுதான் உனக்கு அனுமதி என்று ஒருவனுக்கும் பதின்மூன்று ஆண்டுகளாகச் சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் சொல்லிக்கொடுத்த பிறகு, அவன் கதவைச் சாத்துவதில் என்ன வியப்பு?

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். பிள்ளைகள் உணர்ச்சியை வெளிக்காட்டுவது பற்றிய 166 ஆய்வுகளை 2013இல் தாரா சாப்ளினும் அமீலியா ஆல்டாவோவும் ஒன்றாக அலசினார்கள். ஆண், பெண் வேறுபாடு ஒட்டுமொத்தத்தில் சிறியதாகவே இருந்தது. அதிலும் பெற்றோருடன் இருக்கும்போது அது இன்னும் குறைந்தது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறுவதை, மாற்ற முடியாத பிறவிக் குணம் என்று எப்படிச் சொல்வது? இதில்தான் எனக்கு நம்பிக்கை இருக்கிறது, மகளே. அவன் மனம் திறக்கக்கூடிய இடமாக உன்னால் இருக்க முடியும்.

அவனுக்கு எதிரே உட்கார்ந்து விசாரிக்காதே. பக்கத்தில் இருந்து ஏதாவது வேலை செய்துகொண்டே பேச்சுக் கொடு. ‘என்ன ஆச்சு?’ என்பதைவிட, ‘ஏமாற்றமா, அவமானமா, பயமா?’ என்று சொற்களை எடுத்துக் கொடுப்பது உதவும். உணர்ச்சிக்கு ஒரு சொல் கிடைத்தவுடன் அமிக்டலாவின் வேகம் தணிவதை மேத்யூ லீபர்மன் குழு 2007இல் பெரியவர்களிடம் படம்பிடித்துக் காட்டியது. பதில் வராவிட்டால் விட்டுவிடு, இன்னொரு நாள் கேள். இந்த வயதில் மனச்சோர்வு சில நேரம் எரிச்சலாக வெளிப்படும். பிடித்த விளையாட்டை விடுவது, தூக்கம் கெடுவது, காரணமில்லாமல் சீறுவது எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், ‘ஆண் பிள்ளை, சரியாகிவிடுவான்’ என்று யார் சொன்னாலும் கேட்காதே, மருத்துவரிடம் அழைத்துப் போ. உலக அளவில் தற்கொலையால் இறப்பவர்களில் ஆண்கள் பெண்களைவிட இரு மடங்குக்கும் மேல். இதை எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அவள் அழுகைக்கு நான் பயப்படவில்லை. அழுகிறவளிடம் ஏன் என்று கேட்க முடியும். ‘எல்லாம் ஹார்மோன்’ என்று மட்டும் தள்ளிவிடாதே. கேட்டுப் பார், பெரும்பாலும் உண்மையான காரணம் ஒன்று இருக்கும். கவனிக்க வேண்டியது வேறு. சிறு வயதில் ஏறத்தாழச் சமமாக இருக்கும் மனச்சோர்வு, 13 வயதையொட்டிப் பெண்களிடம் இரு மடங்காகவும் அதற்கு மேலும் உயர்கிறது. ஒரே வருத்தத்தைத் திரும்பத் திரும்ப மனத்துக்குள் அரைத்துக்கொண்டிருப்பது அதற்கு ஒரு காரணம். தோழியோடு சேர்ந்து அரைத்தால் நட்பு இறுகும், ஆனால் வருத்தமும் கூடும் என்று அமாண்டா ரோஸ் 2002இல் எழுதினார். தோழியிடம் பேசுவதைத் தடுக்காதே. பேசி முடித்ததும் அவளை எழுப்பி வெளியே நடக்க அழைத்துப் போ.

அவனுக்குத் தனியாக ஒரு கடிதம் இத்துடன் வைத்திருக்கிறேன். பிரிக்காமல் கொடு. பதில் எழுதச் சொல்லி வற்புறுத்தாதே.

அன்புடன்,
அம்மா